நூற்று முப்பத்தேழாவது இடம்

ஜூன் 11, செவ்வாய்

இந்த நாட்குறிப்பைக் காப்பீட்டு முகவர் ஒருவர் ஜனவரியில் கொடுத்தார். ஐந்து மாதம் பிரிக்காமலே கிடந்தது. இன்று எழுதுவதற்கு ஒன்று இருக்கிறது. சொல்வதற்குத்தான் ஆள் இல்லை.

காலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். ஈஸ்வரி வந்து நின்றாள்.

"மாமா, நாள் தள்ளிப் போயிருக்கு. நேத்தே பாத்துட்டேன். ரெண்டு கோடு."

கையிலிருந்த பட்டையை நீட்டினாள். வாங்கிப் பார்த்தேன். இரண்டு கோடுதான்.

"டாக்டர்ட்ட போவோம்."

"ம்."

இட்லி ஊற்றப் போய்விட்டாள். நான் சட்டையின் மற்றக் கையையும் தேய்த்து முடித்து, பள்ளிக்கூடம் கிளம்பினேன்.

எங்கள் மகள் மகிழினி போய் ஒரு வருஷம் நாலு மாதம் ஆகிறது. இருபத்தோரு மாதம் இருந்தாள். சான்றிதழில் நிமோனியா என்று எழுதியிருக்கிறது.

அக்காவுக்கு இன்னும் சொல்லவில்லை. மகள் உண்டாகியிருப்பதைத் தாயிடம் சொல்ல ஈஸ்வரிக்கும் வாய் வரவில்லை, எனக்கும் வரவில்லை. பாக்கியத்தை நான் மாமியார் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. எனக்கு அவள் அக்காதான். நாலு வருஷத்துக்கு முன்னால் அவள்தான் கேட்டாள், ஈஸ்வரியைக் கட்டிக்கொள் என்று. மறுக்க முடியவில்லை.

ஜூன் 14, வெள்ளி

அரை நாள் விடுப்பு. அருப்புக்கோட்டையில் புதிதாக வந்திருக்கும் லேடி டாக்டரிடம் போனோம். ஆறு வாரம் இருக்கும் என்றார். முதல் குழந்தையைப் பற்றிக் கேட்டார். நான் நிமோனியா என்று ஆரம்பித்தேன். ஈஸ்வரி குறுக்கே பேசினாள். டாக்டர் முன்னால் அவள் இப்படிப் பேசி நான் பார்த்ததில்லை.

"ஆறு மாசம் வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு டாக்டர். சிரிக்கும், குப்புற விழும், பிடிச்சா உக்காரும். அப்புறம் சின்னச் சத்தம் கேட்டாக்கூட உடம்பு தூக்கிப் போட்டுச்சு. கரண்டி விழுந்தாக்கூட. பிறகு உக்கார மறந்துருச்சு. கழுத்து நிக்கல. கண்ணு தெரியாமப் போச்சு. கடைசியில வலிப்பு. முழுங்கத் தெரியாம நெஞ்சுல சளி கட்டித்தான் போச்சு."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார்.

"சொந்தத்துல கல்யாணமா?"

"தாய்மாமன்" என்றாள்.

மின்விசிறி கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அதை யாராவது கழற்றி எண்ணெய் விட்டால் தேவலை.

மதுரையில் மரபணு பார்க்கும் டாக்டருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார். "உடனே போங்க. ஒரு வாரம் கூடத் தள்ளிப் போடாதீங்க."

ஜூன் 22, சனி

மதுரை. டாக்டர் ரெபேக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். குரல் உயரவே இல்லை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வம்சப் படம் வரைந்தார். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம். எனக்கும் ஈஸ்வரிக்கும் நடுவில் இரட்டைக் கோடு. சொந்தத்தில் கட்டியிருந்தால் இரட்டைக் கோடு போட வேண்டும். மகிழினியின் வட்டத்துக்குள் கறுப்படித்து, மேலே சாய்வாக ஒரு கோடு இழுத்தார்.

இதே படத்தைப் பதினொரு வருஷமாக நான் கரும்பலகையில் போடுகிறேன். அதில் யாருக்கும் பெயர் இருக்காது.

"குழந்தையோட ரத்தம் எங்கயாவது எடுத்து வச்சிருக்காங்களா?"

"இல்ல மேடம்."

"இருந்திருந்தா என்ன கோளாறுன்னு அதுலயே தெரிஞ்சிருக்கும். இப்ப உங்க ரெண்டு பேர் ரத்தத்தை வச்சுத் தேடணும். அப்ப பாத்த டாக்டர் சொந்தமான்னு கேக்கலையா?"

ஈஸ்வரி என்னைப் பார்த்தாள்.

"கேட்ட ஞாபகம் இல்லை" என்றேன்.

"உங்க பக்கத்துல வேற யாராவது இந்த மாதிரி சின்ன வயசுல தவறியிருக்காங்களா? உங்க கூடப்பிறந்தவங்க?"

"இல்ல மேடம்."

இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வர நாலு வாரம். மாட்டுத்தாவணியில் பேருந்து ஏறுவதற்கு முன் ஈஸ்வரிக்கு எலுமிச்சைச் சாறு வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு என்னிடம் தந்தாள்.

ஜூன் 26, புதன்

தண்ணீர்த் தொட்டி கழுவினேன். பதினோராம் வகுப்புத் தேர்வுத்தாள் திருத்தினேன்.

ஜூலை 1, திங்கள்

பந்தல்குடியிலிருந்து அக்கா வந்துவிட்டாள். யார் சொன்னார்களோ. மஞ்சள் கயிறு, திருநீறு, ஒரு தூக்குவாளியில் கருப்பட்டிப் பணியாரம். மகளுடைய தலையைத் தடவி அழுதாள். பிறகு என்னைத் தனியாக வாசல் பக்கம் கூப்பிட்டாள்.

"தவசி, கோயில்ல கேட்டேன்டா. இவ ஜாதகத்துலதான் புத்திரதோசம் இருக்காம். பெத்த மகளை நானே சொல்லக் கூடாது. உனக்கு ஒரு குறையும் இல்ல. அவ ராசிதான் பிள்ளை நிக்க விடாம அடிக்குது. நாப்பத்தெட்டு நாள் விளக்குப் போடச் சொல்லு."

அப்படி இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். எங்கிருந்து ஆரம்பிப்பது? எனக்கு ஒரு குறையும் இல்லை என்று சொன்னதை முதலில் மறுக்க வேண்டும். பிறகு அக்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். "சரிக்கா" என்றேன்.

திரும்பியபோது ஈஸ்வரி நிலைக்கதவின் அருகில் நின்றிருந்தாள். கேட்டிருப்பாள் என்று தோன்றவில்லை.

போகும்போது அக்கா இன்னொன்றும் சொன்னாள். "நம்ம ராமர் மாதிரியேதான்டா அந்தப் பிள்ளையும். அதே பார்வை." ராமர் எங்கள் தம்பி. எனக்கு ஆறு வயதில் இறந்தான். எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை.

விளக்கை ஈஸ்வரி இன்றைக்கே ஆரம்பித்துவிட்டாள்.

ஜூலை 4, வியாழன்

இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புக்கு மரபியலை முதலில் முடிக்கச் சொல்லித் தலைமையாசிரியர் உத்தரவு. கடினமான பாடம் முதலில் போய்விட்டால் மற்றதைப் பிள்ளைகள் தாமே படித்துக்கொள்வார்களாம்.

இன்று படியெடுத்தல். டி.என்.ஏ. செல்லின் உட்கருவை விட்டு வெளியே வராது. புரதம் செய்யும் இடமோ வெளியே இருக்கிறது. அதனால் எந்தப் புரதம் வேண்டுமோ அதற்கான பகுதியை மட்டும் ஒரு நொதி வந்து பிரித்து, எழுத்துக்கு எதிர் எழுத்து வைத்து நகல் எடுக்கும். தைமின் வரவேண்டிய இடத்தில் யுராசில் போடும். அந்த நகல்தான் தூது ஆர்.என்.ஏ. அது செய்தியைச் சுமந்துகொண்டு வெளியே போகும்.

"மூலத்துலயே தப்பு இருந்தா சார்?" என்று ஆமினா கேட்டாள். முதல் வரிசைப் பெண். எதையும் சும்மா விடமாட்டாள்.

"தப்பையே நகல் எடுக்கும். அதுக்கு எது சரி எது தப்புன்னு தெரியாது."

"பாவம் சார்" என்றான் பின்னாலிருந்து ஒருவன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

ஜூலை 8, திங்கள்

மொழிபெயர்த்தல். ஒவ்வோர் ஆண்டும் இதை நாடகமாகத்தான் நடத்துவேன். பதினைந்து பேர் எழுத்து அட்டையைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். அதுதான் தூது ஆர்.என்.ஏ. ஒருவன் ரைபோசோம். மூன்று மூன்று எழுத்தாகச் சத்தமாக வாசித்துக்கொண்டே நகர்வான். அவன் வாசிக்க வாசிக்க, அந்த மூன்றெழுத்துக்கு உரிய அமினோ அமிலத்தைக் கடத்து ஆர்.என்.ஏ.வாக இருப்பவர்கள் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அமினோ அமிலத்துக்குச் செம்பருத்திப்பூ, வேப்பிலை, சாக்குத்துண்டு, எது கிடைத்தாலும் சரி. ஏ.யு.ஜி. என்றால் தொடக்கம். யு.ஜி.ஏ. என்றால் நிறுத்தம். கோத்த மாலைதான் புரதம்.

முடித்துவிட்டு, ஓர் எழுத்தை மாற்றினால் என்ன ஆகும் என்று கேட்டேன். மூன்று விதம். சில சமயம் ஒன்றும் ஆகாது, ஏனென்றால் வேறு எழுத்தும் அதே அமினோ அமிலத்தையே அழைக்கும். சில சமயம் ஒரு பூ மட்டும் மாறும். கதிர் அரிவாள் சோகையில் அப்படித்தான், ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியதற்கு ரத்தச் சிவப்பணுவே வளைந்துபோகிறது.

"மூணாவது?"

"பாதியில நிறுத்தம் வந்துரும். அதோட நின்னு போகும். அரைகுறைப் புரதம் எதுக்கும் ஆகாது. செல்லே அதை அழிச்சிரும்."

ஆமினா விடவில்லை. "நின்ன இடத்துல இருந்து மறுபடி யாராச்சும் ஆரம்பிச்சு வைக்க முடியாதா சார்?"

"முடியாது."

"ஏன் சார்?"

மணி அடித்துவிட்டது.

ஜூலை 13, சனி

ஈஸ்வரிக்குக் காலையில் குமட்டல். ரசம் சாதம் மட்டும் இறங்குகிறது. நான் துணி துவைத்துக் காயப்போட்டேன். பக்கத்து வீட்டு ஜெயக்கொடி அக்கா மாடியிலிருந்து பார்த்துவிட்டு, "என்ன சார், விசேஷமா?" என்றார். இல்லை என்றேன்.

உள்ளே வந்ததும் ஈஸ்வரி கேட்டாள், "ஏன் இல்லன்னு சொன்னீங்க?"

"எல்லாம் தெரியட்டும்னுதான்."

"நானும் அப்படித்தான் இருக்கப் பாக்குறேன் மாமா. உள்ள ஒண்ணும் இல்லன்னு. முடியல. ரசத்துக்குப் புளி கரைக்கும்போதுகூட இதுக்குப் புளிப்புப் பிடிக்கும் போலன்னு தோணுது."

ஜூலை 20, சனி

முடிவு வந்துவிட்டது.

நோயின் பெயர் நீளமானது. எழுதப் பிடிக்கவில்லை. மூளையின் நரம்புச் செல்களில் ஒரு வகைக் கொழுப்பு சேர்ந்துகொண்டே இருக்கும். அதை உடைத்து அப்புறப்படுத்த ஒரு நொதி வேண்டும். அந்த நொதியில் ஐநூற்றுச் சொச்சம் அமினோ அமிலங்கள். நூற்று முப்பத்தேழாவது இடத்தில் சி.ஜி.ஏ. இருக்க வேண்டும். எங்களுக்கு டி.ஜி.ஏ. இருக்கிறது. நகலில் அது யு.ஜி.ஏ. ஆகும்.

நிறுத்தம்.

ஈஸ்வரிக்கும் எனக்கும் அதே இடம், அதே எழுத்து. "ஒரே மூதாதையர்ட்ட இருந்து ரெண்டு வழியா வந்திருக்கு" என்றார் டாக்டர் ரெபேக்கா. என் அப்பாவிடமோ அம்மாவிடமோ இருந்திருக்கிறது. எனக்கு வந்தது. அக்காவுக்கும் வந்து, அவளிடமிருந்து ஈஸ்வரிக்குப் போயிருக்கிறது.

எங்கள் இருவருக்கும் இரண்டு பிரதியில் ஒன்று சரியாக இருக்கிறது. ஒரு மனிதன் இஸ்திரி போட்ட சட்டையோடு பள்ளிக்கூடம் போக அது போதும். இரண்டுமே தவறாக வாய்த்தது மகிழினிக்கு. இந்தக் குழந்தைக்கும் அப்படி வாய்க்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பு.

"மருந்து?" என்று ஈஸ்வரி கேட்டாள்.

"இல்லம்மா. இதுவரைக்கும் இல்ல."

"அப்ப எங்க பிள்ளைக்கு நாங்க அப்பவே வந்திருந்தாலும்..."

"அவளைக் காப்பாத்தியிருக்க முடியாதும்மா. ஆனா அடுத்தது உண்டாகுறதுக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். என்ன செய்றதுன்னு யோசிக்க அவகாசம் இருந்திருக்கும்."

ஈஸ்வரி கையிலிருந்த பையின் பிடியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

புதன்கிழமை கருவின் நஞ்சுக்கொடியில் திசு எடுத்துச் சோதிக்க வேண்டும். ஆணா பெண்ணா என்று சொல்லமாட்டார்கள். நாங்களும் கேட்கவில்லை.

ஜூலை 24, புதன்

ஊசி நீளமானது. அவள் என் கையைப் பிடிக்கவில்லை. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஸ்கேன் திரையில் அது அசைந்தது. கை என்று ஒன்று தெரிந்தது. திரையை அந்தப் பக்கம் திருப்பச் சொல்லலாமா என்று நினைத்தேன், அதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

இரண்டு வாரம்.

ஜூலை 28, ஞாயிறு

மதியம் ஈஸ்வரி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் எதிரே செய்தித்தாள் விரித்திருந்தேன். தலை நிமிராமல் கேட்டாள்.

"அந்தக் குழந்தை டாக்டர் அன்னைக்குக் கேட்டாரு. சொந்தத்துல கட்டுனீங்களான்னு. நீங்க என்ன சொன்னீங்க?"

செய்தித்தாளைப் பக்கம் புரட்டினேன்.

"தூரத்துச் சொந்தம்னு சொன்னீங்க. பிள்ளையை மடியில போட்டுக்கிட்டு நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். அவரு எழுதிக்கிட்டாரு. அதோட ரத்தம் எடுக்கணும்னு ஆரம்பிச்ச பேச்சை விட்டுட்டாரு."

"நீ அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

இப்படித்தான் கேட்டேன். கேட்டதை எழுதிவைக்க வேண்டும்.

அவள் ஆய்வதை நிறுத்தினாள். "நீங்க சார். ஊருக்கே பாடம் நடத்துறவரு. நீங்க ஒண்ணு சொன்னா அதுல காரணம் இருக்கும்னு நினைச்சேன் மாமா."

காரணம் இருந்தது. அதற்கு நாலு மாதம் முன்புதான் மாவட்ட அறிவியல் கண்காட்சியில் என் மாணவர்கள் முதல் பரிசு வாங்கினார்கள். தலைப்பு: 'நெருங்கிய உறவில் திருமணம்: வரும் கேடுகள்'. படம், புள்ளிவிவரம், சோளமுத்துகளை நிறம் பிரித்து வைத்த மாதிரி, எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தது. பரிசு கொடுத்தவர் அந்தக் குழந்தை டாக்டர். மேடையில் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்க மாதிரி நாலு வாத்தியார் இருந்தாப் போதும் சார்" என்றார். அந்த மனிதர்தான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டார்.

"அம்மாகிட்டயும் நீங்கதானே போய்க் கேட்டீங்க? என்னைக் கட்டிக்குடுன்னு" என்றாள் ஈஸ்வரி. "அப்பா செத்து ஆறு மாசம். அம்மாவால உங்களை எதுத்துப் பேச முடியுமா? நான் அப்ப பி.எஸ்சி. ரெண்டாவது வருசம். என்னை ஒருத்தரும் கேக்கல."

அக்கா கேட்டாள் என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அடிக்கவில்லை. அப்படியே இருக்கட்டும். முப்பத்தொரு வயது, பார்த்த நாலு இடமும் தட்டிப்போயிருந்தது. கேட்டது நான்தான். நாலில் ஒரு பங்கு என்ற கணக்கு அன்றைக்கும் எனக்குத் தெரியும். நமக்கு வராது என்று நினைத்தேன்.

கீரையை அவள்தான் சமைத்தாள். இருவரும் சாப்பிட்டோம்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

பாடம் நடத்தினேன். என்ன நடத்தினேன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

தொலைபேசி அடித்தால் இருவரும் ஒரே நேரத்தில் எழுந்திருக்கிறோம். இன்று வந்தது கேபிள்காரர்.

ஆகஸ்ட் 8, வியாழன்

வந்துவிட்டது. இரண்டு பிரதியிலும் நிறுத்தம்.

ஆகஸ்ட் 10, சனி

செவ்வாய்க்கிழமை மதுரையில் சேர வேண்டும். ஈஸ்வரிதான் முடிவெடுத்தாள். டாக்டர் ரெபேக்கா எதையும் திணிக்கவில்லை. கலைக்கவும் செய்யலாம், பெற்றும் வளர்க்கலாம், எதுவானாலும் கூட இருப்போம் என்றார். ஈஸ்வரி, "இன்னொரு தரம் அதைப் பாக்க என்னால ஆகாது" என்று மட்டும் சொன்னாள். நான் தலையாட்டினேன்.

காலையில் அக்கா வந்தாள். கூடத்திலேயே நின்று கத்தினாள். பெரிய சத்தம்.

"உசிரை அழிக்கவாடி நாப்பது நாளா விளக்குப் போட்ட? அந்தப் பாவம் ஏழு தலைமுறைக்கு விடாதுடி. மொதப் பிள்ளையைத்தான் தின்ன. இதையுமா?"

ஈஸ்வரி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் எதிர்த்துச் சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. அவளும் எனக்காகத்தான் காத்திருக்கிறாள் என்பது கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது.

"அக்கா, உக்காரு" என்றேன்.

"என்னத்தை உக்கார்றது?"

"அவ ராசி இல்லக்கா. ரத்தத்துல இருக்கு. என்கிட்ட இருக்கு. அவகிட்டயும் இருக்கு. ரெண்டும் சேந்தாத்தான் பிள்ளைக்கு வரும். அவளை வெளியில கட்டிக் குடுத்திருந்தா அவ பிள்ளை ஒண்ணும் ஆகாம இருந்திருக்கும். நான் கட்டுனதாலதான் வந்துச்சு."

அக்காவுக்கு இருபது நிமிடம் சொன்னேன். எழுத்து, நகல், நிறுத்தம் என்றெல்லாம் வரவில்லை. உடம்பில் சேருகிற ஒரு அழுக்கைக் கழுவுகிற மருந்து நம் உடம்பே செய்யும், அதைச் செய்கிற பக்குவம் நம் வம்சத்தில் ஓர் இடத்தில் பாதியில் அறுந்துபோயிருக்கிறது என்று சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அக்கா ஐந்தாவது வரைதான் படித்தவள். ஆனால் நேராக அங்கேதான் வந்தாள்.

"இவளுக்கு எப்படிடா வந்துச்சு? இவ அப்பா வழியா?"

"இல்லக்கா."

"அப்ப நான் குடுத்ததா?"

தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"ராமருக்கும் இதானா?"

"இதுவாத்தான் இருக்கும்."

ஞாபகம் இல்லை என்று எழுதியிருந்தேன். இருக்கிறது. ராமரைத் தூளியில் போட்டிருப்பார்கள். நான் வேண்டுமென்றே ஈயத்தட்டைக் கீழே போடுவேன். தூளியோடு அவன் உடம்பு துள்ளும். எனக்கு அது வேடிக்கை. மறுபடியும் போடுவேன். மகிழினிக்கு ஏழு மாதம் இருக்கும்போது, நான் கதவைச் சாத்திய சத்தத்துக்கு அவள் துள்ளினாள். அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. டாக்டரிடம் போகும் முன்பே தெரியும். அதற்கப்புறம்தான் தூரத்துச் சொந்தம் என்றேன்.

அக்கா எழுந்து மகள் பக்கத்தில் போனாள். தொடப்போனவள் தொடாமல் கையை இழுத்துக்கொண்டாள். தன் கை பட்டாலே ஏதாவது ஒட்டிக்கொள்ளும் என்று பயந்ததுபோல இருந்தது. பிறகு அடுப்படிக்குப் போய், யாரும் கேட்காமலே பாத்திரம் விளக்க ஆரம்பித்தாள். எல்லாம் ஏற்கெனவே விளக்கிக் கவிழ்த்த பாத்திரங்கள்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

காலை எட்டு மணிக்குச் சேர்த்தார்கள். மாத்திரை வைத்தார்கள். பத்தரைக்கு வலி வந்தது. பிரசவ வார்டுக்குப் பக்கத்து அறை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது, யாரோ குலவையிட்டார்கள். நர்ஸ் சங்கடப்பட்டுக் கதவைச் சாத்தினார். அதனால் ஒன்றும் பிரயோஜனம் இல்லை.

அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வாய் ஓயாமல் முணுமுணுத்தது. சாமியிடம் என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்பதற்கு என்ன மிச்சம் இருக்கிறது?

மூன்றேகாலுக்கு முடிந்தது.

நர்ஸ் வந்து, "பாக்கணும்னா ஒரு தரம் பாக்கலாம்மா. சில பேரு கேப்பாங்க" என்றார். ஈஸ்வரி வேண்டாம் என்று தலையசைத்தாள். என்னைக் கேட்டார். நான் போனேன். வெள்ளைத் துணி. என் உள்ளங்கைக்குள் அடங்கும். விரல் இருந்தது. ஒரு குறையும் இல்லை, எல்லாம் சரியாகச் செய்யப்பட்டிருந்தது. அந்த ஓர் இடம் வரும்வரை எல்லாம் சரியாகத்தான் செய்யப்படும். அதற்கு அப்புறம்தான்.

கையெழுத்துப் போட்டேன்.

திரும்பி வந்தபோது ஈஸ்வரி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"மகிழினி ஆறு மாசம் சிரிச்சா மாமா. நீங்க பள்ளிக்கூடம் விட்டு வந்தா வண்டிச் சத்தத்துக்கே காலை உதைப்பா. இதுக்கு அதுவும் இல்லையே."

அவள் முதுகில் கை வைத்தேன். அவள் தள்ளிவிடவில்லை. என் கை அங்கே இருப்பதே அவளுக்குத் தெரியாதது மாதிரி கிடந்தாள்.

ஆகஸ்ட் 14, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டோம்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

பள்ளிக்குப் போனேன். காய்ச்சல் என்று சொல்லி வைத்திருந்தேன். ஆமினாவுக்கு அன்றைய கேள்விக்குப் பதில் வேண்டுமாம். நின்ன இடத்திலிருந்து ஏன் ஆரம்பிக்க முடியாது? நான் உயிரியலாகத்தான் சொன்னேன். ரைபோசோம் அங்கேயே கழன்றுவிடும், நகலுக்கும் கோத்த மாலைக்கும் அதற்கப்புறம் தொடர்பு இல்லை என்றேன். ஆனால் சில ஆய்வுக்கூடங்களில், நிறுத்தத்தைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப்போக வைக்கும் மருந்து தேடுகிறார்கள் என்றும் சொன்னேன்.

"கண்டுபிடிச்சிருவாங்களா சார்?"

"பிடிக்கலாம்."

"எப்ப?"

கரும்பலகையை அழித்தேன். அழித்த பிறகும் அழித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். பிள்ளைகள் பேச்சு நின்றபிறகுதான் கவனித்தேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

ஈஸ்வரி காலையில் தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். ஏதோ கோயிலுக்குக் கிளம்புகிறாள் என்று நினைத்தேன்.

"மதுரையில லேப் டெக்னீசியன் படிப்பு இருக்கு. ரெண்டு வருசம். ரெபேக்கா டாக்டர்ட்ட கேட்டேன், இன்னும் இடம் இருக்காம். ஹாஸ்டல்ல தங்கிக்கிறேன்."

"இப்ப உடம்பு..."

"உடம்பு நல்லாருக்கு."

"கொஞ்ச நாள் அம்மா வீட்டுல இரேன். பந்தல்குடியில. ஆறிட்டு அப்புறம் யோசிப்போம்."

அவள் சிரித்தாள். இரண்டு மாதத்தில் முதல் சிரிப்பு. பார்க்க முடியவில்லை.

"எல்லாப் பொம்பளைக்கும் புருசன் வீட்டுல கோவம்னா போறதுக்கு அம்மா வீடுன்னு ஒண்ணு இருக்கும். எனக்கு அது உங்க அக்கா வீடு. ஆச்சி வீடுன்னு போனா அது உங்க அம்மா வீடு. எங்க போனாலும் நீங்கதான் இருக்கீங்க. நீங்க இல்லாத ஒரு இடம் வேணும்."

திரும்பி வருவாயா என்று கேட்க நினைத்தேன். "எப்ப போகணும்?" என்று கேட்டேன்.

"அடுத்த திங்கள்."

செப்டம்பர் 2, திங்கள்

பேருந்து நிலையம் வரைக்கும் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். மதுரை வரை கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றாள். அக்கா வரவில்லை. தலைவலி என்று சொல்லி அனுப்பியிருந்தாள். மகள் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை, எனக்குத் தெரியும்.

ஈஸ்வரி ஜன்னலோரம் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். பேருந்து கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. கீழே நின்றேன். சொல்லவேண்டியது எல்லாம் நெஞ்சில் வரிசையாக இருந்தது. நடத்துநர் விசில் ஊதினார். "தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டியா?" என்றேன். எடுத்து ஆட்டிக் காட்டினாள்.

பதினோரு மணிக்குப் பன்னிரண்டு அ பிரிவில் வகுப்பு இருந்தது. போனேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

சாயங்காலம் ஈஸ்வரி கூப்பிட்டாள். ஹாஸ்டலில் மேல் கட்டில் கிடைத்திருக்கிறது. அறையில் நாலு பேர். சாம்பாரில் உப்பு இல்லை. வியாழக்கிழமை நுண்ணோக்கியில் ரத்தத் துளியை வைத்துப் பார்த்தார்களாம். அவளுடைய ரத்தத்தையே வைத்துப் பார்த்திருக்கிறாள்.

"வட்ட வட்டமா அழகா இருந்துச்சு. பாத்தா ஒண்ணும் தெரியல."

"தெரியாது" என்றேன். "அதுல தெரியாது."

"ஆமா. சொன்னாங்க."

பின்னால் பெண்கள் பேசுவது கேட்டது. யாரோ அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். முத்தீஸ்வரி, வா என்று. யாரும் அவளை முழுப் பெயரில் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

"சிலிண்டர் முடியப் போகுது. புக் பண்ணிருங்க. அம்மாவுக்கு மாத்திரை தீந்திருக்கும், பாத்து வாங்கிக் குடுங்க."

"சரி."

"வச்சிரட்டா?"

வைத்துவிட்டாள். நாலு நிமிடம் பேசினோம். போனை மேசையில் வைத்த பிறகுதான் தெரிந்தது, நாலு நிமிடத்தில் அவள் ஒரு தரம்கூட மாமா என்று சொல்லவில்லை. வேறு எப்படியும் கூப்பிடவில்லை. பிறந்து வாய் பேசிய நாளிலிருந்து இந்த உலகத்தில் அவள் என்னை அப்படி ஒன்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

சிலிண்டருக்குப் பதிவு செய்துவிட்டேன்.